மலையில் இருந்துகொண்டு கடலைத் தைக்கிறவர்களுக்கு: நீடில்பாயின்ட் இழை

ஏப்ரல் 9

நீடில்பாயின்ட் என்றால் துளை துளையான கேன்வாஸை ஒரு துளை (கண்) விடாமல் நூலால் மூடித் தைக்கிற வேலை. அது பற்றிக் கொடைக்கானல் மலைப் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தங்கை இங்கே கேட்டது, அப்படியே:

"அக்கா, அம்மா ஊர் திருச்செந்தூர் பக்கம். சின்ன வயசில் முழுப் பரீட்சை லீவு பூரா அங்கேதான் இருப்போம். அந்தக் கடற்கரையை நீடில்பாயின்டில் ஒரு குஷன் உறையாகத் தைக்க ஆசை. போனில் ஒரு செயலியில் போட்டோவைப் போட்டால் கட்டம் கட்டமாக சார்ட் வருகிறது. ஆனால் 46 நிறம் கேட்கிறது, பாதிக்கு மேல் நீலம். கடல் என்றால் அவ்வளவு நீலம் வேண்டும்தானே? கொடைக்கானல் கடைகளில் அத்தனையும் கிடைக்குமா?"

கிடைக்காது. கிடைத்தாலும் வாங்காதே. கணக்கைப் பார். 12 அங்குலச் சதுர உறை, அங்குலத்துக்கு 12 கண் உள்ள கேன்வாஸ் என்றால் 144க்கு 144, மொத்தம் 20,736 தையல். 46 நிறத்துக்குப் பங்கு வைத்தால் ஒரு நிறத்துக்குச் சராசரி 450 தையல். மூன்று சதுர அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதுவும் ஒரே இடத்தில் இருக்காது. செயலி இங்கே ஒரு கண், அங்கே இரண்டு கண் என்று தெளித்து வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நூல் மாற்றி, பின்பக்கம் நுனியைச் சொருகி, வெட்டி, மறுபடி கோத்து... பின்பக்கம் கட்டி கட்டியாக நிற்கும். முன்பக்கம் நாலடி தள்ளிப் பார்த்தால் அத்தனை நீலமும் கலந்து மங்கலாகத்தான் தெரியும்.

போட்டோவை மூடி வை. ஒரு தாளை எடுத்து, அந்த ஊர் என்றதும் உனக்கு முதலில் நினைவு வருகிற பொருள்களை எழுது. "கடற்கரை" என்று எழுதாதே. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருளாக எழுது. எழுதி இங்கே போடு, பேசலாம்.

எனக்கும் அம்மா வழி ஊர் அந்தப் பக்கம்தான், மணப்பாட்டுக்குக் கிட்டே. சித்திரையில் தமிழ்நாடே மலையேறி வரும்போது நாங்கள் மலையிறங்குவோம். எதிரே பெருமாள்மலை வரை வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்க, எங்கள் பஸ் மட்டும் காலியாக வத்தலக்குண்டுக்கு இறங்கும். அதனால் இந்தக் கேள்வியை என்னால் நாலு வரியில் முடிக்க முடியாது. இந்தப் பதிவு இழை நீளும்.

ஏப்ரல் 10

கேன்வாஸ் எது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். மேட்டி துணி கிராஸ் ஸ்டிட்சுக்கு நல்லது, அதில் இடம் விட்டுத் தைக்கலாம். இந்த வேலையில் அடித்துணி ஒரு கண்கூடத் தெரியாமல் மூட வேண்டும். அதற்குக் கஞ்சி ஏற்றின மாதிரி விறைப்பான ஒற்றை இழை கேன்வாஸ்தான் வேண்டும். மதுரையிலோ கோவையிலோ கைவேலைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஆன்லைன். 12 அல்லது 14 கண் போதும்.

பிளாஸ்டிக் கேன்வாஸ் பழக நல்லது, கோணாது. ஆனால் உறைக்கு ஆகாது, மடங்காது. சணல் சாக்குத் துணியில் தைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதில் நெடுக்கும் குறுக்கும் இழை எண்ணிக்கை ஒன்றாக இருக்காது, வட்டம் போட்டால் முட்டையாக வரும். வரட்டும் என்றால் தைக்கலாம். வலை, மணல் மாதிரியான உருவங்களுக்கு அந்தக் கோணல் பொருந்தும்.

ஊசி: முனை மழுங்கினது. 10 கண்ணுக்கு 18ஆம் எண், 12, 14க்கு 20, 18 கண்ணுக்கு 22. நூலை ஒன்றரை அடிக்கு மேல் வெட்டாதீர்கள். கண்ணுக்குள் போய்ப் போய் வந்து பாதியிலேயே தேய்ந்து மெலிந்துவிடும்.

ஏப்ரல் 13

தங்கையின் பட்டியல் வந்துவிட்டது. வலையில் கட்டுகிற மிதவை, கருவாடு காய்கிற பாய், ஆச்சி வீட்டுத் திண்ணை, சிவப்பு மண். கடைசியாக ஒரு வரி: "சிவப்பு மண் கடலில் சேராது, அதை விட்டுவிடுகிறேன் அக்கா."

விடாதே! அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனவர்களுக்குத் தேரி தெரியும். குதிரைமொழித் தேரி மேடு மேடாகச் செக்கச்செவேல் என்று கிடக்கும், நடுவே பனை, உடை மரம், கொல்லாமரம். மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். எங்கள் பஸ் அதைத் தாண்டித்தான் கடலைக் காட்டும். சிவப்பு பார்த்த கண்ணோடுதான் நாங்கள் கடலைப் பார்த்தோம். நம் நினைவில் கடல் அவ்வளவு குளுமையாக இருப்பதற்கு அந்த மண்ணுக்கும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

நம்பிக்கை மட்டுமில்லை, இதற்கு ஆதாரமும் இருக்கிறது, நம் தொழிலிலேயே. பாரிஸில் கோப்லான் என்று பழைய திரைச்சீலை நெசவாலை. 1824இல் மிஷேல் யூஜின் ஷெவ்ரோல் என்கிற வேதியியலாளர் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தார். கறுப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் வெளிறித் தெரிகிறது என்று புகார். அவர் நூலைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். கம்பளி நூலில் வேலை செய்கிற நாம் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

நமக்கு இதில் என்ன லாபம்? செங்கல் சிவப்புக்குப் பக்கத்தில் வெறும் சாம்பல் கலந்த பச்சையை வைத்துப் பார். கடல் வந்துவிடும். அதே சாம்பல் பச்சையைத் தனியாகப் பார்த்தால் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒன்றுமில்லாமல் கிடக்கும். 24 நீலத்தால் முடியாததை ஒரு சிவப்பு செய்துவிடும்.

என் யோசனை: கீழே மூன்றில் ஒரு பங்கு தேரிச் சிவப்பு, இரண்டு சாயலில். மேலே கடலுக்கு மூன்று நிறம்: சாம்பல் பச்சை, வெளிறிய நீலம், ஒரே ஒரு ஆழ்ந்த நீலம். ஆழ்ந்ததைக் கொஞ்சமாக, அடிவானத்தில் மட்டும். மிதவைக்கு ஒரு ஆரஞ்சு. மொத்தம் ஆறு.

ஏப்ரல் 13, இரவு

"ஆறு நிறத்தில் எப்படி மாலை சூரியன் வரும்? தண்ணீரில் தங்கப் பாதை வேண்டாமா?" என்று கொடைக்கானலிலிருந்து ஒரு தம்பி.

தம்பி, நீங்கள் போனது திருச்செந்தூர். சித்திரை மாதச் சூரியன் அங்கே கடலில் இறங்காது, மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கும். கடலில் இருந்து எழுவதைத்தான் பார்த்திருப்பீர்கள், அதுவும் விடிகாலையில் எழுந்திருந்தால். நம் கிழக்குக் கரையில் சாயங்காலக் கடலின் அழகே வேறு. வெயில் நம் முதுகுப் பக்கம் போய்விடும், தண்ணீர் சீக்கிரமே கருநீலமாகி அடங்கிவிடும், மேகம் மட்டும் வெளிச்சமாக நிற்கும். கடலில் சூரியன் விழுகிற படங்கள் எல்லாம் கேரளத்துக் கோவளம், கோவா பக்கத்துப் படங்கள். விற்கிற கிட்களிலும் அதுதான், கூடவே கலங்கரை விளக்கம், நங்கூரம், கோடு போட்ட சாய்வு நாற்காலி. அழகாக இருக்கும். ஆனால் அது வேறு யாரோ கழித்த விடுமுறை. இருபதாயிரம் தையல் போடப் போகிறோம், நம்முடையதைப் போடுவோமே.

ஏப்ரல் 22

படகு பற்றி. "கரையில் வரிசையாக நிற்கிற விசைப்படகுகளைத் தைக்கிறேன், லீவில் எப்போதும் அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் வயது இருபது சொச்சம். அவருக்கு அது உண்மை. கிழக்குக் கரையில் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் 2001இல் ஆரம்பித்தது. முதலில் 45 நாள். 2017இலிருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி விடுமுறை முழுக்க அதற்குள் வந்துவிடும். அதனால் இந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் கோடைக் கடலில் விசைப்படகு ஓய்வில்தான் இருக்கும்.

என் கடல் அதற்கு முந்தியது. அப்போது சித்திரையில் எல்லாமே கடலுக்குப் போகும், கரை காலியாக இருக்கும். கரையில் கிடந்தால் கட்டுமரம்தான். அதையும் கட்டை கட்டையாக அவிழ்த்துக் காய வைத்திருப்பார்கள். வெயிலில் வெளுத்த மரத்தின் நிறம், கட்டின கயிறு உரசிய இடத்தில் மட்டும் கறுப்பு. இன்றைக்கு அங்கே போய் போட்டோ எடுத்தால் நீல, பச்சை ஃபைபர் படகுகள்தான் வரும்.

ஆகவே பழைய நினைவைத் தைக்கிறவர்கள் புதுப் போட்டோவை வைத்துக்கொண்டு தைக்க வேண்டாம். போட்டோ வடிவத்துக்கு உதவும், நிறத்துக்கு உதவாது.

மே 3

அலை. எல்லாரும் காத்திருந்தது இதற்குத்தான், எனக்கும் இதுதான் பிடித்த பகுதி.

சாய்வான சின்ன டென்ட் தையலில் அலையைக் கொண்டுவருவது கஷ்டம். வளைவு படிக்கட்டாகத் தெரியும். அலைக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு தையல் இருக்கிறது, பார்ஜெல்லோ. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து பார்ஜெல்லோ மாளிகையில், இப்போது அருங்காட்சியகம், இந்தத் தையல் போட்ட பழைய நாற்காலிகள் இருக்கின்றன. பெயர் அங்கிருந்து வந்தது.

தைப்பது எளிது. எல்லாத் தையலும் செங்குத்து. ஒவ்வொன்றும் நான்கு இழை உயரம். அடுத்த தையல் இரண்டு இழை மேலே தள்ளி ஆரம்பிக்கும், அதற்கடுத்தது இன்னும் இரண்டு மேலே. உச்சிக்கு வந்ததும் அதே மாதிரி இறங்க வேண்டும். இப்படியே ஒரு கோட்டை இடமிருந்து வலம் முடித்துவிட்டால் போதும், அடுத்த வரிசைகள் அதையே பின்பற்றும். நிறம் மட்டும் மாறும். சார்ட் வேண்டாம், எண்ண வேண்டாம்.

வடிவத்தின் ரகசியம் உச்சியில் இருக்கிறது. ஒற்றை ஒற்றைத் தையலாக ஏறி இறங்கினால் தீக்கொழுந்து மாதிரிக் கூர்மையாக வரும். கடல் அப்படி இராது. உச்சியில் மூன்று நான்கு தையலை ஒரே மட்டத்தில் போடுங்கள், பக்கவாட்டில் இரண்டிரண்டாக ஏற்றுங்கள், வளைவு உருண்டு வரும். பள்ளத்தில் ஐந்தாறு தையல் ஒரே மட்டத்தில் போட்டால் அலை படுத்துக்கொள்ளும், அதுதான் சித்திரைக் கடல். வைகாசிக்குமேல் கச்சான் என்கிற மேல்காற்று ஏறின பிறகு இருக்கிற கடல் வேண்டுமானால் பள்ளத்தைக் குறுக்குங்கள்.

தூரம் காட்ட ஒரு வழி: கரைக்குப் பக்கத்தில் நான்கு இழை உயரத் தையல். நடுவில் மூன்று. அடிவானத்துக்குக் கிட்டே இரண்டு. அலையின் ஏற்ற இறக்கத்தையும் அதற்கேற்ப அடக்கிக்கொண்டே போய் கடைசி இரண்டு வரிசையை நேர்கோடாக்கிவிடுங்கள். மூன்று நிறமே போதும், கண் தானாக ஆழம் பார்க்கும்.

முதல் கோட்டைக் கேன்வாஸின் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் போங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் அலை மறு ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

மே 4

நேற்று எழுதினதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். செங்குத்துத் தையல் சாய்வுத் தையல் அளவுக்குக் கேன்வாஸை மூடாது. இடையில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரியும். நூலைக் கொஞ்சம் தடிமனாக எடுங்கள், அல்லது தைக்கிறதுக்கு முன்னாலேயே கேன்வாஸுக்கு சாம்பல் நீலத்தில் அக்ரிலிக் பெயின்டை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுத்துக் காய வையுங்கள். கண் அடைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடவே போடாதீர்கள், ஈரம் பட்டால் நூலில் ஏறும்.

உட்கார்கிற, சாய்கிற உறை என்றால் நான்கு இழைக்குமேல் தையல் நீளம் வேண்டாம். மோதிரத்தில், வளையலில் சிக்கும். சட்டம் போட்டு மாட்டுவதானால் ஆறு வரை போகலாம்.

மே 19

கோத்தகிரியிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: "நீங்கள் கொடைக்கானல்காரர்கள் பிளாரன்ஸ் வரை போகிறீர்கள், பக்கத்து மலையில் தோடர்கள் தைப்பதைச் சொல்லவில்லையே."

சொல்ல வேண்டியதுதான். நன்றி அக்கா. வெள்ளைப் பருத்தித் துணி. சிவப்பும் கறுப்பும் நூல். துணியில் வரைந்துகொள்வதில்லை, துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணியே மொத்த வடிவமும் வருகிறது. அந்தப் போர்வை புத்துக்குளியை இரண்டு பக்கமும் போர்த்தலாம். தோடர் எம்ப்ராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டியில் ஒரு போர்வையைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. முடிச்சு, நுனி ஒன்றும் தேட முடியவில்லை. இரண்டே நிறத்தில் அவ்வளவு சொல்லலாம் என்றால் நமக்கு ஆறு தாராளம்.

ஆனால் ஒருவர் அந்த வடிவங்களையே எடுத்து அலைக்குக் கரையாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். என் கருத்து, வேண்டாம். அது அவர்களுடைய மலையின் வடிவம், அவர்களுடைய சடங்கோடு சேர்ந்தது. பிடித்திருந்தால் அவர்களிடம் ஒரு போர்வை விலை கொடுத்து வாங்குங்கள். எண்ணித் தைக்கிற ஒழுங்கை மட்டும் கற்றுக்கொள்வோம்.

ஜூன் 8

நூல் பற்றி நீண்ட நாளாக ஒரு சண்டை ஓடுகிறது. மன்னவனூரில் மத்திய செம்மறி ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறதே, அங்கே பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள். பூம்பாறை தாண்டிப் போகிறவர்கள் புல்வெளியில் பார்த்திருப்பீர்கள். "நம் மலைக் கம்பளி இருக்க, அக்ரிலிக் எதற்கு?" என்பது ஒரு கட்சி.

மனசு அந்தக் கட்சியில்தான். ஆனால் மெரினோ மிக மெல்லிய ரோமம். ஸ்வெட்டருக்கு, கழுத்துத் துணிக்கு அதைவிட நல்லது கிடையாது. கேன்வாஸ் கண்ணோ அரம் மாதிரி வேலை செய்யும். டென்ட் தையலில் ஒரே நூல் நூறு தடவைக்குமேல் உரசிக்கொண்டு போய் வருகிறது, மெரினோ பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். இந்த வேலைக்கென்று வருகிற டேபெஸ்ட்ரி கம்பளி நீண்ட ரோமத்தை முறுக்கிச் செய்தது, அதனால் தாங்குகிறது.

அப்படியே விட்டுவிடவும் மனமில்லை. பார்ஜெல்லோவில் தையல் நீளம், அதே நூல் கேன்வாஸைத் துளைப்பது குறைவு. அங்கே மெரினோவைக் குட்டையாக வெட்டிப் பயன்படுத்தலாம். சாயம் ஏற்றாத மெரினோவின் வெள்ளை, கரையில் உடைகிற நுரைக்கு ரொம்பப் பொருத்தம். கடலுக்கு டேபெஸ்ட்ரி கம்பளி, நுரைக்கு மட்டும் மெரினோ. சண்டை இத்தோடு முடியட்டும்.

அக்ரிலிக் வாங்குகிறவர்களுக்கு: மலிவு, பூச்சி அரிக்காது, நிறம் நிறையக் கிடைக்கும். சூடான இஸ்திரிப் பெட்டி வைத்தால் தளர்ந்து தட்டையாகிவிடும், பிறகு எழும்பாது. பருத்தி நூல் என்றால் ஆங்கர் பிராண்ட் ஸ்கெயின் (சின்ன நூல் சுருள்) எல்லா ஊரிலும் உண்டு. ஒன்று எட்டு மீட்டர், ஆறு இழை. 18 கண்ணுக்கு நாலைந்து இழை போதும்.

எவ்வளவு நூல் வாங்குவது? ஒரு சதுர அங்குலம் தைத்துப் பாருங்கள், எத்தனை அங்குல நூல் போயிற்று என்று அளந்து பெருக்குங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் வருகிற அதே எண் நூல் வேறு சாயத் தொட்டியில் முங்கினது, கடல் நடுவே கோடு விழும்.

ஜூலை 27

மூன்று நாளாக ஏரி தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. இதற்கேற்ற கேள்வி வந்திருக்கிறது: தைத்து முடித்தது கோணிக்கொண்டு சாய்சதுரமாக நிற்கிறது, நேராக்குவது எப்படி?

சாய்வுத் தையல் கேன்வாஸை ஒரு பக்கமாக இழுக்கும். கிடைவரிசையாகப் போகிற கான்டினென்டல் முறையில் அதிகம். மூலைவாட்டத்தில் ஏறி இறங்குகிற பாஸ்கெட்வீவ் முறையில் ரொம்பக் குறைவு, பின்பக்கம் கூடை பின்னினது மாதிரி வரும், உறுதியும் அதிகம். பெரிய பரப்பு எல்லாம் அப்படியே தையுங்கள். தேரி மணல் முழுக்க அதில்தான் போட வேண்டும்.

கோணினதை நேராக்க: பலகைமேல் வெள்ளைத் துணி விரித்து, வேண்டிய சதுரத்தைப் பென்சிலால் வரையுங்கள். தைத்ததைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, எதிர்ப்பக்கமாக இழுத்து, கோட்டோடு சேர்த்துத் துருப்பிடிக்காத ஊசியால் அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்துங்கள். ஈரத்தில் கேன்வாஸின் கஞ்சி இளகும், காயும்போது புது வடிவத்தில் இறுகும். முழுக்கக் காயாமல் எடுத்தால் பழையபடி கோணும்.

கீழே மதுரையில் ஒரு நாளில் காயும். இங்கே இந்த மாதத்தில் காயாது. ஈரக் கம்பளியை நாள்கணக்கில் பலகையில் வைத்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். அவசரம் இல்லையென்றால் வேலையை மாசி, பங்குனி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் ஃபேன் காற்று. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது வேண்டாம், புகை வாடை போகவே போகாது.

பாதி தைத்த கேன்வாஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பருத்திப் பையில் வையுங்கள், வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள். கஞ்சி வாடைக்கு வெள்ளிப்பூச்சி வரும், இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

செப்டம்பர் 5

தங்கையின் பட்டியலில் இருந்த கருவாட்டுப் பாயை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அது விட்டுப்போகாமல் உள்ளேயே இருந்தது, 18 கண் கேன்வாஸில் ஒரு சின்னச் சதுரம் தைத்துப் பார்த்தேன். புக்மார்க் அகலம்தான்.

நெத்திலியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு கண்ணாடி மாதிரி வெளிறியது. பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளிக்கோடு. காயக் காய உடம்பு வைக்கோல் நிறமாக மாறும், அந்தக் கோடு மட்டும் மங்காமல் மின்னிக்கொண்டே இருக்கும். ஆச்சி சாயங்காலம் பாயில் கை விட்டு அளைந்து திருப்பிப் போடும்போது அத்தனையும் ஒரே சமயத்தில் பளிச்சென்று அடித்து அடங்கும். "மேல உள்ளதத் தொடாத பிள்ள, அடியில ஈரம் இருக்கா பாரு" என்பாள்.

ஒரு மீனுக்கு ஒன்பது கண் நீளம், மூன்று கண் உயரம். மேல் வரிசையும் கீழ் வரிசையும் வைக்கோல் நிறப் பருத்தி, நடு வரிசை வெள்ளி நூல், மீனின் கண்ணுக்கு ஒரு கறுப்புத் தையல். அவ்வளவுதான். மீன்களை ஒரே திசையில் அடுக்கக் கூடாது, அள்ளி வீசினபடி கிடக்க வேண்டும். குறுக்கே ஒன்று, சாய்ந்து ஒன்று, பாதி மறைந்து ஒன்று. பாய்க்கு ஓலை நிறத்தில் இரண்டு சாயல், இரண்டிரண்டு தையலாக மாற்றி மாற்றி. பார்த்தவுடன் வீட்டில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்றாள் என் மகள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

வெள்ளிக்குச் சாதா ஜரிகை போடாதீர்கள். செம்புக் கலப்பு இருந்தால் நம் ஊர் ஈரத்துக்குக் கறுத்துவிடும். பாலியெஸ்டரில் வருகிற உலோகப் பளபளப்பு நூல் கறுக்காது. அது முறுக்கு பிரிந்துகொண்டே இருக்கும், அரை அடி நீளமாக வெட்டி மெதுவாக இழுங்கள்.

அக்டோபர் 2

நுரைக்கு லேஸ் வைத்துத் தைப்பது பற்றி. நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷனரிப் பெண்கள் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட், இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா. அந்தப் பக்கத்து வீடுகளில் பாட்டியின் லேஸ் துண்டு ஏதாவது பெட்டியில் கிடக்கும். "அதை வெட்டிக் கரையோரத்தில் தைத்துவிட்டால் நுரையும் ஆயிற்று, பாட்டி நினைவும் ஆயிற்று" என்பது ஒருவரின் யோசனை.

யோசனை அழகு. ஆனால் வெட்ட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றின சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னினது அது. வெட்டினால் ஓரத்திலிருந்து பிரிந்துகொண்டே போகும். முழுத் துண்டாகவே பொருந்துகிற நீளமாக இருந்தால், வெட்டாமல் மேலே வைத்து மெல்லிய நூலால் அங்கங்கே தொட்டுத் தையுங்கள், பிற்பாடு பிரித்து எடுக்கிற மாதிரி. இல்லையென்றால் ஜூனில் சொன்ன வெள்ளை மெரினோவே போதும்.

நவம்பர் 16

பண்ணைக்காட்டுத் தங்கை முடித்துவிட்டாள். படம் போட்டிருக்கிறாள், எல்லாரும் பாருங்கள். கீழே தேரி, நடுவே மூன்று வரிசை வெள்ளை நுரை, மேலே படுத்த அலை, ஒரு மிதவை. மிதவையை நடுவில் வைக்காமல் இடது ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறாள், அது அவளுடைய முடிவு, நான் சொன்னதைவிட நன்றாக இருக்கிறது. கடல் பெரிதாகிவிட்டது. ஆழ்ந்த நீலத்தை அடிவானத்தில் ஒற்றை வரிசையோடு நிறுத்தினதும் சரி.

உறையாக்குவது பற்றிக் கேட்டிருக்கிறாள். தைத்த பகுதிக்கு வெளியே சுற்றிலும் ஓர் அங்குலம் கேன்வாஸை விட்டு வெட்டு. வெட்டின ஓரம் பிரியும், உடனே மெஷினில் ஜிக்ஜாக் ஓட்டிவிடு. பின்பக்கத்துக்கு வெல்வெட் வேண்டாம், இந்த ஈரத்தில் வாடை பிடிக்கும், தடித்த பருத்தி எடு. சிவப்புச் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் அழுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு சேர். ஜிப்பைக் கீழ்ப்பக்கம் வை. இணைக்கிற தையல் கடைசி வரிசைத் தையலுக்கு மேலேயே ஒரு கண் உள்ளே ஓட வேண்டும், இல்லையென்றால் திருப்பினதும் சுற்றிலும் வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும். மெஷின் ஊசி 16ஆம் எண் போடு. உள்ளே திணிக்கிற தலையணை உறையைவிட ஓர் அங்குலம் பெரிதாக இருக்கட்டும், மூலை நன்றாக நிறையும்.